ஹாஸ்கெல் கம்பைலரிடம் முதன்முதலில் எங்கே மாட்டினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஐயா வீட்டுப் பட்டாலையில் கல்லூரிப் பிள்ளைகள் ஆறேழு பேர் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். சேர்ந்து ஹாஸ்கெல் என்ற நிரல் மொழி படிக்கிறோம். எழுதிய நிரலைச் சரிபார்த்து, கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். நான் வாத்தியார் இல்லை, இவர்களுக்கு இரண்டு வருடம் முன்னால் ஆரம்பித்தவன். போன வாரம் ஒரு பெண் முக்கால் மணி நேரம் ஒரே எரரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் "எனக்கு இது வராது அண்ணே" என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விட்டாள். மனசு கேட்கவில்லை. அவளுக்குக் காட்டத்தான் இதைத் தொடங்குகிறேன். நீங்கள் எங்கே மாட்டினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று எழுதுங்கள். சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். ஐயாவின் பழைய பேரேட்டில் மாதா மாதம் வரவான வட்டி வரிசையாக இருக்கும். அதற்குச் சராசரி பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கூட்டுத்தொகைக்கு சம், எத்தனை எண்கள் என்பதற்கு லெங்த், நடுவில் வகுத்தல் கோடு. ஒரே வரி. பைத்தானில் இதே மாதிரி எழுதினால் ஓடிவிடும். இங்கே "நோ இன்ஸ்டன்ஸ் ஃபார் ஃப்ராக்‌ஷனல் இன்ட்" என்று வந்தது. நான் எழுதிய வரியில் ஃப்ராக்‌ஷனல் என்ற சொல்லே கிடையாது. எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் சாயங்காலம் தேடினேன்.

விஷயம் இதுதான். லெங்த் தருவது இன்ட், அதாவது முழு எண். வகுத்தல் கோடோ பின்ன எண்களுக்கு மட்டும் உள்ளது. ஹாஸ்கெல் ஒரு வகை எண்ணை இன்னொரு வகையாகத் தானாக மாற்றாது, நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். லெங்த்துக்கு முன்னால் ஃப்ரம்இன்டெக்ரல் என்று ஒரு சொல் சேர்த்ததும் ஓடியது.

ஆனால் எனக்கு உண்மையில் கண் திறந்தது வேறு இடத்தில். அந்த ஃபங்ஷனுக்கு மேலே, "டபுள்களின் பட்டியலை வாங்கி ஒரு டபுளைத் தரும்" என்று டைப் (வகை) வரியை எழுதிவிட்டு (டபுள் என்றால் தசம எண் வகை), பழைய தப்பை அப்படியே வைத்துத் திரும்பக் கம்பைல் செய்து பார்த்தேன். எரர் மாறிவிட்டது! இப்போது "டபுள் வர வேண்டிய இடத்தில் இன்ட் வந்திருக்கிறது" என்று சொல்லி, நேராக லெங்த்துக்கு அடியில் கோடு போட்டுக் காட்டியது. தப்பு ஒன்றுதான். டைப் வரி இல்லாதபோது கம்பைலர் தானே யூகித்துக்கொண்டு போய் வகுத்தல் கோட்டில் முட்டி நின்றது. டைப் வரி இருந்ததும் தப்பு நடந்த இடத்தையே காட்டியது. அன்றிலிருந்து டைப் வரியை எழுதாமல் ஃபங்ஷனை எழுதுவதில்லை.

தேவகோட்டையிலிருந்து, கல்லூரி இரண்டாம் ஆண்டு:

அண்ணே, எனக்கு நடந்தது டேப் பிரச்சினை. இரண்டே வரி. டூ (கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய் என்று சொல்வது) என்று போட்டு, கீழே ஒரு புட்ஸ்டிரிங் வரி, அதற்குக் கீழே இன்னொரு புட்ஸ்டிரிங் வரி. (கொடுத்த வாக்கியத்தைத் திரையில் காட்டும் ஃபங்ஷன், முழுப் பெயர் புட்-எஸ்டிஆர்-எல்என். நான் புட்ஸ்டிரிங் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.) முதல் வரிக்கு முன்னால் நாலு ஸ்பேஸ் தட்டியிருந்தேன், இரண்டாவது வரிக்கு ஒரு டேப். என் எடிட்டர் டேப்பை நாலு இடமாகக் காட்டும், அதனால் இரண்டும் ஒரே நேரில் இருந்தன.

கம்பைலர் சொன்னது: "புட்ஸ்டிரிங்குக்கு மூன்று மதிப்புகள் கொடுத்திருக்கிறீர்கள், அது ஒன்றைத்தான் வாங்கும்." நான் கொடுத்தது ஒன்றுதானே? விடுதி அறையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவருக்கும் புரியவில்லை.

அப்புறம் மேலே உருட்டிப் பார்த்தால், "இங்கே டேப் எழுத்து இருக்கிறது" என்று ஒரு வார்னிங். எரருக்கு மேலே இருந்ததால் கண்ணில் படவே இல்லை. ஹாஸ்கெல் டேப்பை எட்டு எட்டு இடமாக எண்ணும். ஆகவே என் இரண்டாவது வரி அதன் கணக்கில் இன்னும் உள்ளே தள்ளி நின்றது. உள்ளே தள்ளியிருந்தால் அது தனி வரி இல்லை, முந்தைய வரியின் தொடர்ச்சி. அப்போது முதல் புட்ஸ்டிரிங்குக்கு அதன் சொந்த வாக்கியம் ஒன்று, இரண்டாவது புட்ஸ்டிரிங் ஒன்று, அதன் வாக்கியம் ஒன்று, ஆக மூன்று. கம்பைலர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

எடிட்டர் செட்டிங்கில் டேப் தட்டினால் ஸ்பேஸ் விழும்படி மாற்றிவிட்டேன். அந்த எரர் பிறகு வரவில்லை.

ஆத்தங்குடியிலிருந்து:

எங்கள் வீட்டில் பூக்கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) போடும் வேலை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்த பிறகு மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். ஒரு வாடிக்கையாளர் தன் அறையில் எந்தக் கல் எந்த வரிசையில் வரும் என்று முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அதை ஹாஸ்கெல்லில் எழுதிக் காட்டலாம் என்று இறங்கினேன்.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கல். இவற்றைத் திரும்பத் திரும்ப வரவைக்க சைக்கிள் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. போட்டேன். கம்பைல் ஆனது. ஓடவிட்டால் திரை நிறைய சிவப்பு மஞ்சள் பச்சை, சிவப்பு மஞ்சள் பச்சை என்று கொட்டிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. லேப்டாப் கெட்டுவிட்டது என்று பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன். அப்போது கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும் என்று தெரியாது.

ஹாஸ்கெல்லில் முடிவே இல்லாத பட்டியலை வைத்துக்கொள்ளலாம். ஒன்று முதல் முடிவில்லாமல் போகும் எண்கள் என்றுகூட ஒரு பெயர் கொடுத்து வைக்கலாம், ஒன்றும் ஆகாது. யாராவது கேட்டால்தான், கேட்ட அளவுக்குத்தான் அது கணக்குப் போடும். நான் "முழுவதையும் அச்சடி" என்று கேட்டதுதான் தப்பு. டேக் என்று போட்டு, அறையின் அகலத்துக்கு எத்தனை கல்லோ அத்தனை மட்டும் கேட்டேன், வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட பட்டியலுக்கு லெங்த் போடாதீர்கள். எண்ணி முடியவே முடியாது, எரரும் வராது, கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஹாஸ்கெல் பிடித்துப்போனது அன்றுதான். எத்தனை பெரிய வளவு என்றாலும் அதே மூன்று கல், அதே ஒரு வரி நிரல்.

பள்ளத்தூரிலிருந்து:

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் நானும் எழுதுகிறேன். என்னை இங்கே எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொண்டேன்.

மகள் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களைக் கோவில் வாரியாகப் பிரித்து ஒரு நிரல் எழுதினேன். எங்கள் நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோவிலைச் சேர்ந்தது. அப்படிக் கோவில் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. இந்த ஒன்பதையும் ஒரு டேட்டா டைப்பாக (நாமே வரையறுக்கும் வகையாக) வைத்தேன். ஹாஸ்கெல்லில் இந்தப் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. அதனால் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டி வந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கம்பைல் ஆனது, ஒரு குறையும் சொல்லவில்லை. ஓடவிட்டால் பாதிப் பட்டியல் வந்து, நடுவில் "நான்-எக்ஸாஸ்டிவ் பேட்டர்ன்ஸ்" (எல்லா வகைக்கும் வரி இல்லை) என்று நின்றுவிட்டது. கம்பைலர் சரி என்று சொன்ன பிறகு ஏன் நிற்க வேண்டும்?

மருமகப்பிள்ளை போனில் சொன்னார், கம்பைல் செய்யும்போது டபிள்யூ-ஆல் என்ற வார்னிங் ஆப்ஷனைச் சேர்த்துப் பாருங்கள் என்று. சேர்த்தேன். "இந்த வகை விடுபட்டிருக்கிறது: நேமம்" என்று பெயரோடு சொல்லிவிட்டது. ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே வந்தவள் நேமத்தை விட்டிருக்கிறேன். எங்கள் சம்பந்தி வீடே நேமம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வார்னிங்கைப் போக்க, கடைசியில் அடிக்கோடு போட்டு "மற்றது எல்லாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள் கண்ணுகளா. அதைப் போட்டுவிட்டால் எது விடுபட்டாலும் கம்பைலர் பிறகு வாயைத் திறக்காது.

கானாடுகாத்தானிலிருந்து:

ஆச்சி தமிழைப் பற்றிச் சொன்னதால் என்னுடையதையும் சொல்கிறேன். நான் எழுதிய முதல் நிரல், காரைக்குடி என்ற சொல்லைத் தமிழில் அச்சிடுவது. பிரின்ட் போட்டேன். திரையில் வந்தது இது:

"\2965\3006\2992\3016\2965\3021\2965\3009\2975\3007"

ஃபான்ட் இல்லை என்று நினைத்து மூன்று ஃபான்ட் இறக்கினேன். ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரின்ட் என்பது மதிப்பை ஷோ என்ற ஃபங்ஷன் வழியாகக் காட்டுகிறது. ஷோ, ஆங்கில எழுத்து வரிசைக்கு வெளியே உள்ள எதையும் யூனிகோட் எண்ணாக மாற்றிவிடும். 2965 என்பது க, 3006 என்பது துணைக்கால். சொல்லை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் பிரின்டுக்குப் பதில் தேவகோட்டைத் தம்பி சொன்ன புட்ஸ்டிரிங். மாற்றினேன், காரைக்குடி என்று அழகாக வந்தது. அன்று அப்பச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

விண்டோஸில் சிலருக்கு அதற்கும் ஒரு எரர் வரும், இந்த எழுத்தை எழுத முடியவில்லை என்று. கட்டளைத் திரையில் முதலில் சிஎச்சிபி 65001 என்று அடித்துவிட்டு ஓடவிடுங்கள். அது திரையை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றிவிடும்.

பிறகு லெங்த் போட்டுப் பார்த்தேன். கா, ரை, க், கு, டி, நம் கணக்கில் ஐந்து எழுத்து. ஹாஸ்கெல் பத்து என்றது. மேலே உள்ள எண்களை எண்ணிப் பாருங்கள், பத்து இருக்கும். உயிர்மெய்யை மெய்யும் குறியுமாக இரண்டாக எண்ணுகிறது, புள்ளிக்கும் தனி எண். ரிவர்ஸ் போட்டால் குறிகள் எல்லாம் இடம் மாறி வேறு எழுத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழில் சொல் விளையாட்டு எழுத நினைக்கிறவர்கள் முதலில் மெய்யையும் குறியையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் கட்டும் ஃபங்ஷனை எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினேன், நல்ல பயிற்சி.

புதுவயலிலிருந்து:

என்னுடையது சின்னது. பிடிஎஃப் பாடத்திலிருந்து நிரலைக் காப்பி செய்து ஒட்டினேன். "லெக்சிகல் எரர்", கூடவே 8220 என்று ஓர் எண். அது வளைந்த மேற்கோள் குறியின் எண். நேர்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த குறி. இப்போது உள்ள கம்பைலர், "இது மேற்கோள் குறி மாதிரி இருக்கிறது, ஆனால் அது இல்லை" என்று தெளிவாகவே சொல்கிறது. நிரலைக் காப்பி செய்யாமல் கையால் தட்டுங்கள்.

கோட்டையூரிலிருந்து, இப்போது சென்னையில்:

பல்லவன் ரயிலில் ஊருக்கு வந்துகொண்டே எழுதுகிறேன். எனக்குப் பிடிபடாமல் இருந்தது கெட்லைன். பயனர் தட்டும் பெயரை வாங்கி "வணக்கம்" சேர்த்துச் சொல்ல வேண்டும். லெட் (ஒன்றுக்குப் பெயர் வைக்கும் சொல்) போட்டு, பெயர் = கெட்லைன் என்று எழுதினேன். அடுத்த வரியில் வணக்கத்தோடு ஒட்டினால், "எழுத்துச்சரம் வர வேண்டிய இடத்தில் ஐஓ எழுத்துச்சரம் வந்திருக்கிறது" என்றது (ஐஓ என்றால் உள்ளீடு-வெளியீடு). அந்த ஐஓவை எப்படிக் கழற்றுவது என்று ஒரு வாரம் தேடினேன். ஏதோ மாற்றும் ஃபங்ஷன் இருக்கும் என்றே நினைத்தேன்.

எங்கள் அப்பத்தா வீட்டுப் பரணில் பழைய உண்டியல் தாள்கள் இருந்தன. பர்மாவில் கொண்டுவிற்ற (வியாபாரம் செய்த) காலத்தது. ஒரு நாள் அதைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. உண்டியல் கையில் இருந்தால் பணம் கையில் இருக்கிறது என்று ஆகாது. "இன்னார் இவ்வளவு கொடுக்க" என்ற எழுத்துத்தான் அது. உரிய கடையில் கொடுத்தால்தான் பணம் வரும். கெட்லைனும் அப்படித்தான், அது பயனர் தட்டிய பெயர் அல்ல, பெயரை வாங்கிவரச் சொல்லும் சீட்டு. சமக்குறி போட்டபோது அந்தச் சீட்டுக்கே இன்னொரு பெயர் வைத்திருக்கிறேன், பணத்தை வாங்கவில்லை. டூவுக்குள் இடப்பக்க அம்பு <- போட்டால்தான் சீட்டு மாறிப் பெயர் கைக்கு வரும்.

லெட்டை எடுத்துவிட்டு, சமக்குறியை அம்பாக மாற்றினேன். அவ்வளவுதான். ஐஓ என்று எரரில் பார்த்தால் இப்போது முதலில் அம்பைத்தான் தேடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அந்தப் பெண் இன்று வந்தாள். வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, நீங்கள் எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்தாள். அப்புறம் தன் லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்தால் அவளுடையதும் சராசரிதான், ஐந்து பாடத்தின் மதிப்பெண். நான் மாட்டிய அதே இடம். விடையைச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது, சொல்லவில்லை. டைப் வரியை மட்டும் எழுதச் சொன்னேன். பிறகு, லெங்த்துக்கு முன்னால் என்ன வர வேண்டும் என்று தெரியாவிட்டால் அங்கே ஓர் அடிக்கோடு மட்டும் போட்டுக் கம்பைல் செய் என்றேன். (ஆச்சி சொன்ன அடிக்கோடு வேறு, இது வேறு. இது "இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, என்ன வைக்கலாம்?" என்று கேட்பது.)

கம்பைலர், "இந்த ஓட்டைக்கு இன்ட்டை வாங்கி டபுளைத் தருவது வேண்டும்" என்று சொல்லி, பொருந்தக்கூடியவை என்று ஒரு சின்னப் பட்டியலும் போட்டது. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, ஃப்ரம்இன்டெக்ரலில் நின்று, "இதுதானே அண்ணே?" என்றாள். தட்டினாள். 78.4 வந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த வரியில் இடைநிலை அளவுக்கு டைப் எழுத ஆரம்பித்துவிட்டாள்.