வளைவு அப்புறம் கட்டலாம், முதலில் டிரங்குப் பெட்டியைத் திறப்போம்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

லீவு முடிந்து போன வெள்ளிக்கிழமைதான் மஸ்கட் திரும்பினேன். ஊரில் இருந்த ஐந்து வாரமும் எந்த மடலுக்கும் பதில் போடவில்லை. செயலாளர் அண்ணன் கோவித்துக்கொள்ள வேண்டாம். நம் தரங்கம்பாடி நுழைவில் சங்கம் கட்ட நினைக்கிற வளைவு பற்றிய மடல்களை விமானத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தேன். சிங்கப்பூர்க்காரர்கள் கிரானைட் என்கிறீர்கள், துபாய்க்காரர்கள் எல்இடி எழுத்து என்கிறீர்கள். எனக்கு வளைவே இப்போது வேண்டாம் என்று படுகிறது. திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தரங்கம்பாடிக்கு ஏற்கெனவே வாசல் இருக்கிறது. டேனிஷ்காரன் 1792இல் எழுப்பியது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்கரைக்கு நடக்கிறவர்கள் இன்றைக்கும் அதற்குள் புகுந்துதான் வருகிறார்கள். அதற்கு முன்னால் போய் நாம் கான்கிரீட்டில் ஒன்று நட்டு, பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் வைத்தால், பார்க்கிறவன் எதைப் படம் எடுப்பான்?

இந்த முறை நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இது. பொங்கல் முடிந்த சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, இரண்டு கல்லூரிப் பையன்களையும் ஒரு ஸ்கேனரையும் உட்கார வைத்தோம். வீட்டில் கிடக்கிற பழைய படம், பத்திரம், கடிதம் எதுவானாலும் கொண்டுவாருங்கள், உங்கள் கண்முன்னாலேயே ஸ்கேன் செய்து உடனே கையில் கொடுத்துவிடுகிறோம் என்று தெருத்தெருவாகச் சொன்னோம். பத்து மணி வரைக்கும் ஈ காக்கை இல்லை. பத்திரத்தைக் கொண்டுவந்தால் நிலத்தைப் பிடுங்கிவிடுவோம் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அப்புறம் மரைக்காயர் வீட்டுப் பெரியவர் ஒரு மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியவில்லை.

வந்ததில் பாதி கல்யாணப் போட்டோ. முதலில் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கையில்தான் விஷயம் புரிந்தது. மூன்று குடும்பங்கள், மூன்று வெவ்வேறு காலத்தில், மாசிலாமணிநாதர் கோயில் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் கடல் எங்கோ பின்னால் ஒரு கோடு மாதிரி தெரிகிறது. அடுத்ததில் அலை கிட்டத்தில். கடைசிப் படத்தில் முந்தைய படத்திலிருந்த சுவரே இல்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், எழுநூறு வருஷப் பழசு. அங்கேயுள்ள கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றுதான் இருக்கிறது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதை நாமெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் எந்த வருஷம் எதுவரை தின்றது என்பதற்குச் சாட்சி யாரோ ஒரு அத்தையின் ஆல்பத்தில் இருக்கிறது. படத்துக்குப் பின்னால் தேதி எழுதியிருக்கிற புண்ணியவான்கள் ரொம்பக் குறைவு.

மீனவர் தெருவிலிருந்து ஒரு அப்பாயி வந்திருந்தார். கையில் ஒரு படமும் இல்லை. “எங்க படமெல்லாம் சுனாமியோட போச்சு. ஆளுங்களே போனப்ப படத்தை யாரு தேடுனா?” என்றார். 2004 டிசம்பர் 26ஐ அந்தத் தெருவில் யாரும் தேதி சொல்லி நினைப்பதில்லை, ‘அலை வந்தப்ப’ என்றுதான் பேச்சு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவரே, “கோட்டையப் பத்தி ஊரு உலகமே எழுதுது, எங்க மீன்வாடியப் பத்தி எவன் எழுதுனான்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டு, கட்டுமரத்துக்கு எந்த மரம், எங்கே வாங்குவார்கள், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவார்கள் என்று நாற்பது நிமிஷம் பேச வைத்தேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

அவர் கேட்டது நியாயம். நம் ஊரில் பேர்பெற்ற கட்டடங்களுக்கெல்லாம் ஆள் இருக்கிறது. டென்மார்க்கிலேயே தரங்கம்பாடி பேரில் ஒரு சங்கம் உண்டு, தெரியுமா? நம் சங்கத்தைவிடச் சுறுசுறுப்பு. டேன்ஸ்போர்க் கோட்டைப் பராமரிப்பில் அவர்கள் கை உண்டு. கவர்னர் பங்களாவைச் சரிசெய்ததில் அந்த நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பெரும் பங்கு. இங்கே தமிழ்ப் புத்தகம் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இருந்த வீட்டை ஜெர்மனியின் ஹாலே நகரத்து நிறுவனம் 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு எழுதிய தமிழ்த் தங்க ஓலை கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்கள், போன பிறகும் ஊரை மறக்கவில்லை. நாம் விற்காமலே மறந்துகொண்டிருக்கிறோம். (கோபம் வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

என் பங்குக்கு நான் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அப்பா, வீட்டுச் சுவர் உதிர்கிறது என்று போன் செய்தார். பணம் அனுப்பினேன், சிமெண்டில் பூசச் சொன்னேன். பளிச்சென்று ஆனது. இந்த முறை போனால் பூச்சு வயிறு மாதிரி உப்பிக்கிடக்கிறது. ஒரு இடத்தில் பெயர்த்துப் பார்த்தோம், உள்ளே செங்கல் மாவாகிக் கையோடு வந்தது. சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ‘இன்டாக்’ அமைப்புக்காரர்கள் கோல்ட்ஸ்மித் தெருவில் பழைய வீடுகளைச் சீரமைத்தார்களே, அதில் வேலை செய்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். “செவுரு வேர்க்கணும் தம்பி. நீங்க அதுக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்டுட்டீங்க.”

கடலோர மண்ணில் உப்புத் தண்ணீர் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பு பூச்சின் மேலேயே பூத்து உதிரும். சில வருஷத்துக்கு ஒரு தடவை பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும், செங்கலுக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். உப்பு செங்கலுக்குள் உறைந்து, அதைப் பொடியாக்கிவிடும். நம் தாத்தாக்கள் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுப் புளிக்கவைத்துப் பூசியது சிமெண்ட் கிடைக்காமல் மட்டும் இல்லை. இப்போது அதே கொத்தனாரை வைத்து மறுபடி சுண்ணாம்பில் பூசுகிறேன். செலவும் கூட, நாளும் கூட. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். அவரிடம் தொழில் கற்க ஒரு பையன்கூட இல்லை என்பதுதான் அவருடைய கவலை.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை. வளைவுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு நல்ல ஸ்கேனரும் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் வாங்குவோம். ஒரு டிஸ்க் ஊரில், ஒன்று வெளியூரில். அந்த இரண்டு பையன்களுக்கும் மாதம் இரண்டு சனிக்கிழமைக்குக் கூலி கொடுப்போம். மிச்சத்தில், சுண்ணாம்பு வேலை கற்க வருகிற பையன்களுக்குக் கற்கிற வரைக்கும் தினக்கூலி. பொறையாறு கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கடுதாசிப்பட்டறை என்ற ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று அங்கேயே வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டேன், தெரியவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கே தமிழ்ப் புத்தகம் அச்சடிக்கத் தாள் செய்த பட்டறை அது என்றதும் ஒருத்தன் உடனே போனில் தேட ஆரம்பித்தான். தேடட்டும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், அப்புறம் அதைப் பிரித்தெடுக்க முடியாது. படத்தைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் தோராயமாக வருஷமும் எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். அம்மா அப்பாவிடம் பேசும்போது போனை ரெக்கார்டில் போடுங்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள், திருட்டுத்தனமாக வேண்டாம்.

இன்னொன்று. 1926 முதல் 1986 வரை மாயவரத்திலிருந்து நம் ஊருக்கு ரயில் வந்ததல்லவா? ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி வழியாக. அன்றைக்கு வந்த படங்களில் ரயில் இருப்பது ஒன்றுகூட இல்லை. டொரண்டோ சித்தப்பா, உங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அந்த ரயிலில்தான் வந்து இறங்கினார்கள், ஸ்டேஷனில் நாதஸ்வரத்தோடு நின்று படம் எடுத்தார்கள் என்று அம்மா சொல்கிறாள். ஆல்பம் உங்களிடம்தான் போயிற்றாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.