ஏடிடைனி85-இல் சர்வோ தத்தித் தத்திப் போகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, மீன் தொட்டிக்குத் தீனி போடும் சின்னக் கதவை ஒரு சர்வோவால் (சொன்ன கோணத்துக்குக் கையைத் திருப்பும் சின்ன மோட்டார்) திறக்கப் பார்க்கிறேன். அதை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஏடிடைனி85, உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ்.

சர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு வேண்டும்; அந்தத் துடிப்பின் நீளம், 1 முதல் 2 மில்லி செகண்ட் வரை, கையின் கோணத்தைச் சொல்லும். அதற்காக டைமர்1-இன் பிரீஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 1024 ஆக்கி, ஓசிஆர்1சி-யில் (டைமர் எண்ணும் உச்ச வரம்பு) 155 போட்டேன். 50 ஹெர்ட்ஸ் சரியாக வருகிறது. ஆனால் ஒரு எண்ணிக்கைக்கு 128 மைக்ரோ செகண்ட் ஆகிவிடுகிறது. 1 முதல் 2 மில்லி செகண்டுக்குள் எட்டு படிதான் கிடைக்கிறது. சர்வோவின் கை 'டக் டக்'கென்று பதினோரு டிகிரிக்கு மேல் தாவுகிறது, தீனி மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. மீன் பாவம்.

எனக்குத் தோன்றிய வழி: பிரீஸ்கேலர் 64. அப்போது ஒரு எண்ணிக்கை 8 மைக்ரோ செகண்ட், 256 எண்ண 2.048 மில்லி செகண்ட். பத்து சுற்றில் ஒன்றில் மட்டும் துடிப்பை அனுப்பி, மற்ற ஒன்பதில் சர்வோவுக்குப் போகும் பின்னைத் தாழ்வில் வைத்தால் 125 படி கிடைக்கும். சுற்றை ஓவர்ஃப்ளோ இன்டரப்டில் (டைமர் நிரம்பும்போதெல்லாம் ஓடும் சின்ன நிரல்) எண்ணலாம்.

என் சந்தேகம் இதுதான். இன்டரப்டுக்குள் காம்1ஏ1 பிட்டை (டைமரைப் பின்னோடு இணைக்கும் பிட்) போட்டு எடுத்தால் துடிப்பின் தொடக்கம் நடுங்குமா? அல்லது துடிப்பின் நீளத்தை வைக்கும் ஓசிஆர்1ஏ-வை மட்டும் மாற்றுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். புரோகிராம் கோடு இருந்தால் இன்னும் நல்லது. 16 பிட் டைமர் உள்ள சிப்புக்கு மாறச் சொல்லாதீர்கள், போர்டை ஏற்கெனவே சால்டர் செய்துவிட்டேன்.