ஒரே பந்தய விளையாட்டு, ஐந்து தலைமுறைக் கன்சோல்கள்

கிரான் டூரிஸ்மோ என்னும் கார் பந்தய விளையாட்டை முதல் பிளேஸ்டேஷனிலிருந்து விடாமல் ஆடி வருபவன் என்பதால், கிராபிக்ஸ் வளர்ச்சி எங்கே வேகம் குறைந்தது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

1997இல் வந்த முதல் பாகத்தில் ஒரு கார் சுமார் 300 பலகோணங்களால், அதாவது உருவத்தை ஒட்டி அமைக்கும் சிறு தட்டையான துண்டுகளால், ஆனது. சக்கரங்கள் முழு வட்டமாக இருக்காது. கேமரா நகரும்போது சாலையோரச் சுவரின் படம் நெளியும். 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த மூன்றாம் பாகத்தில் காருக்கு ஏறத்தாழ 4,000 பலகோணங்கள் கிடைத்தன. பானெட்டின் மேல் வானமும் மரங்களும் வழுக்கிச் செல்வதைக் காண்பதற்காகவே ரீப்ளேயைத் திரும்பத் திரும்பப் போடுவோம். கேம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அப்பா, அது எந்த ஊர்ப் பந்தயம் என்று கேட்டார்.

அதற்குப் பிந்தைய பாகங்களில் எண்கள் லட்சங்களைத் தொட்டன. வியப்பு மட்டும் அதே அளவில் வளரவில்லை. உழைப்போ பன்மடங்கானது. 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களில் சுமார் 200 மட்டுமே உட்புறம் வரை புதிதாக நுணுக்கமாக வடிக்கப்பட்டவை என்பதும், மற்றவை பெரும்பாலும் பழைய வார்ப்புகளே என்பதும் அதற்குச் சான்று.

ஏழாம் பாகம் 2022இல் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுக்கும் சேர்ந்தே வெளிவந்தது. அக்கா மகன் தன் பழைய கன்சோலைக் கொண்டுவந்தபோது, ஒரே டிவியில் ஒரே காரை இரண்டிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். சோபாவில் அமர்ந்திருந்த எங்களால் பந்தயத்தின் நடுவே இது எந்தக் கன்சோல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை; திரைக்கு அருகே போய் நின்றபோதுதான் தொலைவிலுள்ள மர இலைகளின் கூர்மை பிடிபட்டது. பெரிய வேறுபாடு லோடிங்கில்தான் இருந்தது.

வன்பொருளும் இதையே காட்டுகிறது. நினைவகம் 2 எம்பியிலிருந்து 32 எம்பி, பிறகு 512 எம்பி, அடுத்து 8 ஜிபி என ஒவ்வொரு முறையும் 16 மடங்கு பெருகியது. பிளேஸ்டேஷன் 5இல் இரண்டே மடங்காகி 16 ஜிபியில் நின்றது. படத்தின் தெளிவா, காட்சி தடங்காமல் ஓடும் வேகமா என்று தேர்வு கொடுத்தால் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேகத்தையே தேர்கிறார்கள் என்று அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2024இல் கூறியதில் எனக்கு வியப்பேயில்லை. நானும் அப்படித்தான் ஆடுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தலைமுறையின் உண்மையான முன்னேற்றம் சோஃபி என்னும் செயற்கை நுண்ணறிவு ஓட்டுநர்தான். 2023 நவம்பரில் ஏழாம் பாகத்தின் பிளேஸ்டேஷன் 5 பதிப்பில் மட்டும் சேர்க்கப்பட்ட அது, பழைய எதிராளிகளைப்போல வரிசையாக ஊர்ந்து போகாமல், வளைவில் நான் தாமதமாகப் பிரேக் பிடித்தால் விட்ட இடைவெளியில் உள்ளே நுழைந்து முந்திவிடுகிறது.