புதுப்பிப்பு: மிளகு எண்ணெய் பாதியில் நின்றதற்குக் காரணம் அரவைதான்

ஏற்காட்டு மிளகிலிருந்து கார்பன் டை ஆக்சைடு மூலம் எண்ணெய் எடுக்கும்போது முதலில் நன்றாக வருகிறது, அப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அழுத்தத்தைக் கூட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூட்டிப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை.

கோளாறு அரவையில் இருந்தது. 31 டிகிரி செல்சியஸ், 74 பார் அழுத்தம் தாண்டிவிட்டால் இந்த வாயு திரவம் போல எண்ணெயைக் கரைக்கும், ஆனால் திரவத்தைவிட வேகமாக ஊடுருவும். அரைக்கும்போது உடைந்த செல்களில் உள்ள எண்ணெயை உடனே அள்ளிக்கொள்கிறது. உடையாத செல்களுக்குள் இருப்பது துகளின் உள்ளிருந்து மெதுவாகப் பரவித்தான் வெளியே வரவேண்டும். அங்கே அழுத்தம் அவ்வளவாகக் கைகொடுக்காது. துகளின் அளவு பாதியானால், அப்படிப் பரவி வெளியே வர ஆகும் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்!

ஒன்றரை மில்லிமீட்டர் துகளை முக்கால் மில்லிமீட்டர் ஆக்கினோம், எண்ணெய் விடாமல் வந்தது. சரி, இன்னும் நைசாக்குவோம் என்று மாவாக அரைத்தபோது தூள் கட்டிதட்டி, வாயு ஒரே தடத்தில் ஓடிவிட்டது. அதனால் முக்காலோடு நிறுத்திக்கொண்டோம்.

அரைக்கும்போது சூடேறினால் மணம் பறந்துவிடும். இப்போது மலையின் விடியற்காலைக் குளிரில், விட்டு விட்டு அரைக்கிறோம். சேலத்து வெயிலில் அரைத்து வந்த தூளுக்கும் இதற்கும் மூடியைத் திறந்ததுமே வித்தியாசம் தெரிகிறது.