ஒரு வாரம் தாண்டியும் பையனுக்குக் காய்ச்சல் விடவில்லை, வேறு என்ன டெஸ்ட் கேட்கலாம்?

ஆரணி_அம்மா:
பையனுக்கு ஆறு வயது. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்குகிறது, மறுபடி 103க்கு ஏறிவிடுகிறது. டெங்கு, மலேரியா இரண்டும் இல்லை. டைபாய்டுக்கான வைடால் ரத்த டெஸ்ட் 1:80, அதனால் டைபாய்டு என்று செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் ஊசி போகிறது, ஆனாலும் குறையக் காணோம். தலைவலி, முகம் லேசாக வீங்கியிருக்கிறது.

குழந்தைநல_பிஜி:
வைடால் 1:80ஐ வைத்து டைபாய்டு என்று சொல்லவே முடியாது மேடம், நம் ஊரில் நன்றாக இருப்பவர்களுக்கே அந்த அளவு வரும். ஊசி போடும் முன்னால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுத்தார்களா என்று கேளுங்கள். டைபாய்டே என்றாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும், அது வேறு. ஆனால் மழை முடிந்த நேரம், உங்கள் பக்கம், முகவீக்கம், ஊசிக்கு மசியாத காய்ச்சல் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் பொடிப்பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், ஜட்டிக்குள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம் எலைசா ரத்த டெஸ்ட் கேளுங்கள், முதல் சில நாட்களில் பொய்யாக நெகட்டிவ் காட்டும், இப்போது தெரியும்.

சேலத்து_அப்பா:
கண் சிவப்பு, உதடு வெடிப்பு இருக்கிறதா சிஸ்டர்? எங்கள் பெண்ணுக்கு வெறும் வைரல் என்றே போய்க்கொண்டிருந்தது, கண்ணில் பீளையே இல்லாமல் சிவந்து, நாக்கு ஸ்ட்ராபெர்ரி மாதிரி ஆனபிறகுதான் காவசாகி நோய் என்றார்கள். இதயத்தின் ரத்தக்குழாய் வீங்கிவிடும், அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து, காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஐவிஐஜி என்ற எதிர்ப்புப்புரத மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும்.

மீனா_நர்ஸ்:
யூரின் கல்ச்சரும் விடாதீர்கள். சளி, இருமல் எதுவும் இல்லாத காய்ச்சலில் சின்னப் பிள்ளைகளுக்குப் சில நேரம் சிறுநீர்த் தொற்றாக இருக்கும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆரணி_அம்மா:
கண், உதடு நன்றாகத்தான் இருக்கிறது. இடது அக்குளில் பொருக்கு இருக்கிறது சார்! டாக்டரிடம் காட்டியதும் டாக்ஸிசைக்ளின் எழுதினார், ஆனால் எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல் கறையாகும் என்று மெடிக்கலில் பயமுறுத்துகிறார்கள்.

குழந்தைநல_பிஜி:
அது இதே வகைப் பழைய மருந்தான டெட்ராசைக்ளின் காலத்துப் பயம் மேடம். ஒரு வாரக் கணக்கில் டாக்ஸி கொடுத்தால் பல் கெடாது, தைரியமாகக் கொடுங்கள். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். விடவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, பையன் குழப்பமாகப் பேசினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே அட்மிட் செய்துவிடுங்கள்.