கல்லீரல் சுருக்கத்தோடு மனச்சோர்வு: அப்பாவுக்காகக் கேட்கிறேன்

வணக்கம். அப்பாவுக்கு மூன்று வருடமாகச் சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்). இரண்டு மாதமாகப் பேச்சே குறைந்துவிட்டது. நாளிதழைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கல்லீரல் கோளாறால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை மந்தமாகிவிட்டதோ என்று பயந்தோம். கல்லீரல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது மனச்சோர்வுதான் என்றார்.

மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையை 5 மி.கி. எழுதியிருக்கிறார், 10-க்கு மேல் போகமாட்டாராம். டுலோக்செடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து கல்லீரலுக்கு ஆகாது, தூக்க மாத்திரையும் கூடாது என்றார். சரி. ஆனால் அப்பாவுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் வீங்கியிருக்கின்றன. எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாத்திரையைத் தொடங்கும் முன் நாளை இரண்டு மருத்துவர்களிடமும் பேசப்போகிறேன்.

இதே நிலையில் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? மருத்துவரிடம் என்னென்ன கேட்டீர்கள்? அப்புறம், மனநல ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சை பலன் தந்ததா? தயவுசெய்து சொல்லுங்கள்.