ஒரு சின்ன பேக்கேஜ், மூன்று விதமான புராசசர்: லேப்டாப்பில் ஓடுவது ராஸ்பெரி பையில் ஓடவில்லை, உதவி தேவை

கேள்வி (கந்தப்பளையிலிருந்து)

வணக்கம். எங்களுக்குக் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை உறைபனி விழும், விழுந்தால் உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும். அதனால் பாத்தியில் டிஎஸ்18பி20 சென்சர் வைத்து, வெப்பநிலை 2 பாகைக்கு இறங்கினால் வீட்டில் மணியடிக்கிற மாதிரி சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். மணி கேட்டால் அப்பா எழும்பிப் போய்த் தண்ணீர் தெளிப்பார்.

லேப்டாப்பில் டெபியன் பேக்கேஜாகக் கட்டினேன், நன்றாக ஓடுகிறது. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் போட்டால் 'ஏஎம்டி64 பேக்கேஜ், சிஸ்டமோ ஆர்ம்எச்எஃப்' (பேக்கேஜ் லேப்டாப் புராசசருக்கு, சிஸ்டமோ ஆர்ம் புராசசர் வகை) என்று, பேக்கேஜை இன்ஸ்டால் செய்யும் டிபிகேஜி மறுக்கிறது. கன்ட்ரோல் ஃபைலில் ஆர்க்கிடெக்சர் வரியை ஆர்ம்எச்எஃப் என்று மாற்றினேன், இன்ஸ்டால் ஆனது, ஓட்டினால் 'எக்செக் ஃபார்மட் எரர்'. புராசசர் வகையைக் காட்டும் யூனேம் -எம் அடித்தால் ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) என்று வருகிறது, சரி என்று ஆர்ம்64க்குக் கட்டிப் பார்த்தேன், அதையும் ஏற்கவில்லை. இரண்டு இரவு போய்விட்டது. மேல் பாத்திக்குப் பழைய பை ஸீரோ ஒன்றும் இருக்கிறது, அதிலும் ஓட வேண்டும்.

பதில் (ஹட்டனிலிருந்து)

தங்கச்சி, அந்த வரி வெறும் லேபல். டஸ்ட் தேயிலைப் பெட்டியில் பிஓபி என்று முத்திரை குத்தினால் உள்ளே இருப்பது பிஓபி ஆகாது இல்லையா, அதே கதைதான். உள்ளே இருப்பது இன்னும் லேப்டாப் புராசசருக்கான கட்டளைகள். ஃபைல் கமாண்டை அந்த பைனரி மேல் ஓட்டுங்கள், எந்தப் புராசசருக்கு என்று அதுவே சொல்லும்.

யூனேம் உங்களைக் குழப்பியதற்குக் காரணம் இருக்கிறது. 2023இலிருந்து பை 4இல் 32 பிட் ராஸ்பெரி ஓஎஸ் கூட 64 பிட் கர்னலோடுதான் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பூட் ஆகும். யூனேம் சொல்வது கர்னலை மட்டும். லைப்ரரிகள், மற்ற புரோகிராம்கள் எல்லாம் 32 பிட்தான். பேக்கேஜுக்கு நம்ப வேண்டியது 'டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்' சொல்வதை. லேப்டாப்பில் கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்எச்எஃப் (லேப்டாப்பிலேயே ஆர்ம்எச்எஃப்புக்குக் கட்டும் கருவிகள்) போட்டு மறுபடி கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, பை 4இல் ஓடிவிட்டது! ஆனால் அதே பேக்கேஜ் பை ஸீரோவில் இன்ஸ்டால் ஆகிறது, ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துவிடுகிறது. இரண்டுமே ஆர்ம்எச்எஃப் என்றுதானே சொல்கின்றன?

பதில் (பண்டாரவளையிலிருந்து)

பெயர் ஒன்று, ஆள் இரண்டு. டெபியனுடைய ஆர்ம்எச்எஃப் என்றால் ஆர்ம் புராசசரின் ஏழாம் பதிப்பான ஆர்ம்வி7இலிருந்து மேலே. பழைய பை ஸீரோவில் இருப்பது ஆர்ம்1176, அது ஆர்ம்வி6. ராஸ்பெரியின் 32 பிட் ஓஎஸ் அதற்காகவே எல்லாவற்றையும் ஆர்ம்வி6க்குக் கட்டி, பெயரை மட்டும் அப்படியே ஆர்ம்எச்எஃப் என்று வைத்திருக்கிறது. அதனால் டிபிகேஜிக்கு வித்தியாசம் தெரியாது. ரீட்எல்ஃப் -ஏ கொடுத்தால் பைனரியில் வி6ஆ வி7ஆ என்று பார்க்கலாம்.

கம்பைலருக்கு ஆர்ம்வி6 ஃபிளாக் மட்டும் கொடுத்தால் போதாது, லேப்டாப் டூல்செயினோடு (கட்டும் கருவிகளோடு) வரும் ஸ்டார்ட்அப் கோடும் லிப்ஜிசிசி என்ற துணை லைப்ரரியும் வி7க்குக் கட்டியவை, அவையும் உங்கள் பைனரிக்குள் வந்து உட்காரும். உங்களிடம்தான் பை 4 இருக்கிறதே, அதிலேயே கட்டுங்கள். அந்த ஓஎஸ்ஸின் ஜிசிசி கம்பைலர் தானாகவே வி6க்குக் கட்டும், அது இரண்டிலும் ஓடும். இவ்வளவு சின்ன புரோகிராமுக்கு கிராஸ் கம்பைல் தேவையே இல்லை என்பது என் கருத்து. பிறகு எப்போதாவது லேப்டாப்பில் கியூஎம்யூ (வேறு புராசசர் போல நடிக்கும் புரோகிராம்) வைத்துச் சோதித்தால் 'கியூஎம்யூ_சிபியூ' மாறியில் ஆர்ம்1176 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் அது புதிய புராசசர் மாதிரி நடித்து வி7 பைனரியையும் ஓட்டிக் காட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்

பை 4இல் கட்டினேன், இரண்டிலும் ஓடுகிறது. ஆனால் இப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. சென்சரை ஐஸ் கட்டியும் உப்பும் கலந்த பாத்திரத்தில் வைத்துப் பார்த்தேன். 2, 1, 0 வரை மணி அடித்தது. அதற்குக் கீழே போனதும் 255 என்று காட்டி மணி நின்றுவிட்டது. லேப்டாப்பில் பொய் எண்கள் கொடுத்துச் சோதித்தபோது -1, -2 எல்லாம் சரியாக வந்ததே. உறைபனி விழுகிற நேரத்தில்தான் இது வாயை மூடிக்கொள்கிறது.

பதில் (ஹட்டனிலிருந்து)

வெப்பநிலையை எந்த டைப்பில் வைத்திருக்கிறீர்கள்? சார் (char) டைப்பிலா?

கேள்வி கேட்டவர்

ஆமாம், முழு எண்ணாக்கி சாரில். ஒரு பைட் போதும் என்று நினைத்தேன்.

பதில் (ஹட்டனிலிருந்து)

அதுதான். வெறும் சார் என்று எழுதினால் அதற்குக் கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதை சி மொழி முடிவு செய்வதில்லை, ஒவ்வொரு புராசசர் பக்கமும் தானே வைத்துக்கொள்கிறது. உங்கள் லேப்டாப்பில் உண்டு. லினக்ஸ் ஓடும் ஆர்மில் கிடையாது, அங்கே -1 என்பது 255 ஆகிவிடும், 255 எப்படி 2ஐ விடக் குறையும்? கழித்தல் குறி உறுதியாக உள்ள இன்ட்8_டி என்று மாற்றுங்கள். -எஃப்சைன்ட்-சார் ஃபிளாக் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் நாளைக்கு வேறொருவர் அந்த ஃபிளாக் இல்லாமல் கட்டினால் மணி மறுபடி ஊமையாகும், அதனால் கோடிலேயே திருத்துவது நல்லது. ஃபைலிலிருந்து ஓர் எழுத்து வாசிக்கும் கெட்சி கொடுப்பதைச் சாரில் வாங்கி, ஃபைல் முடிவைக் குறிக்கும் ஈஓஎஃப்போடு ஒப்பிடும் இடம் எங்காவது இருந்தால் அதை இன்ட் ஆக்குங்கள், ஆர்மில் அந்த லூப் முடியவே முடியாது.

கேள்வி கேட்டவர்

மாற்றிவிட்டேன் அண்ணா. ஃபைல் வாசிக்கும் இடத்திலும் நீங்கள் சொன்ன அதே தவறு இருந்தது, அதையும் திருத்தினேன். உப்பு ஐஸில் இரண்டு போர்டும் -4 வரை காட்டின, மணி நிற்கவே இல்லை, சத்தத்தில் அப்பா எழும்பி வந்துவிட்டார். இன்றைக்குப் பின்னேரம் இரண்டையும் பாத்தியில் வைக்கிறோம்.